தூய ஆவியைப் பெறவும் நேர்காணலா?

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவைக்கும், மறைக்கல்விக் குழுவினருக்கும்,

இந்த ஆண்டு உறுதிப்பூசுதல், அதாவது ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசித் தூய ஆவியை வழங்கும் அருட்சாதனம், பெறப்போகும் பிள்ளைகளின் பெயர்கள் போன வாரம் மறைக்கல்விப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. மேலே 'தகுதி பெற்றோர்'. கீழே 'அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வோர்'. கீழே இருந்த சில பெயர்களில் ஒன்று என் தம்பி மகனுடையது. பதினாறு வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்த அவன் அம்மா, சாப்பாட்டு இடைவேளையில்தான் கைப்பேசியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதற்குள் மேல் பட்டியல் பெற்றோர்கள் கைதட்டும் பொம்மைகளைப் போட்டு முடித்திருந்தார்கள்.

நான் அவனுக்கு அத்தை. அவனுடைய ஞானத்தாயும் நான்தான். அவனுக்குத் திருமுழுக்கு கொடுத்த நாளில், இந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு அவர்கள் கடமையில் துணைநிற்கத் தயாரா என்று இதே ஆலயத்தில் என்னைக் கேட்டார்கள். தயார் என்றேன். அந்தப் பதிலை நம்பித்தான் திருச்சபை அவன் தலையில் தண்ணீர் ஊற்றியது. ஆகவே இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

உள்ளுக்குள் பேசித் தீர்க்கக்கூடாதா, ஊரறிய எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். பேசிப் பார்த்தோம். பங்கு அலுவலகத்தில் "குழுவைக் கேளுங்கள்" என்றார்கள். குழுவில் "ஃபாதர் முடிவு" என்றார்கள். ஃபாதர், உங்களைப் பூசை முடிந்து வாசலில் பிடித்தபோது "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டீர்கள். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் எண், திருச்சபையின் நன்மை சார்ந்த காரியங்களில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் தெரிவிக்க நமக்கு உரிமை உண்டு, சில வேளை அது கடமையும்கூட என்கிறது. மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மரியாதை குறையாமல்தான் எழுதுகிறேன். ஆனால் சுற்றி வளைக்கப் போவதில்லை.

முதலில் அந்த நேர்காணல். நீங்கள் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள், நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாடியில் உள்ள கூட்ட அறை. அவன் அதுவரை அந்த அறைக்குள் போனதே இல்லை. மேலே மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "தூய ஆவியின் ஏழு கொடைகள் என்னென்ன?" என்று ஒருவர் கேட்டார். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு விசிறியையே பார்த்தான். விசிறியைக் கொஞ்சம் நிறுத்தலாமா என்று கேட்டேன். "ஆன்டி, நீங்கள் பேசக்கூடாது" என்று பதில் வந்தது. அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார்கள். தமிழ் வகுப்பில் படித்த பிள்ளை. மூன்றாவது கேள்விக்கு முன்பே எழுந்துவிட்டான். சுவரோரம் கோணல்மாணலாகக் கிடந்த நாற்காலிகளை ஒரே வரிசையில் நேராக இழுத்துப் போட்டான். "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவனை இரண்டு ஆண்டாக வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுத்த மறைக்கல்வி ஆசிரியையிடம் குழு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். இன்றும் என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடியும். எங்கள் காலத்தில் சிஸ்டர் மேசையில் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது. அதில் பாதிக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். ஆயர் வந்தார், பூசினார், போனார். என்னை யாரும் அடுத்த ஆண்டு வரச் சொல்லவில்லை.

இந்த நேர்காணல் நம் பங்கில் பழைய வழக்கமும் அல்ல, இந்த ஆண்டு வந்தது. உறுதிப்பூசுதல் முடிந்த கையோடு பிள்ளைகள் கோவில் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் தரத்தை உயர்த்துகிறோம் என்று பெற்றோர் கூட்டத்தில் காரணம் சொன்னீர்கள். கவலை நியாயமானது. நெற்றியில் எண்ணெய் காயும் முன்பே காணாமல் போகிற பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அப்படிப் போனவர்கள் எல்லாரும் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளைகள்தானே? படிப்பில் கெட்டி, டியூஷனுக்கு ஓடுகிறவர்கள். மலேசிய அரசாங்கமே 2021-இல் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வை நீக்கிவிட்டது, 2022-இல் மூன்றாம் படிவ பிடி3 தேர்வையும் நீக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் போன பரீட்சை கோவிலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி, அவன் எப்படித் தயாரானான் என்பதைச் சொல்கிறேன். குழுவில் யாரும் கேட்காத கேள்வி அது.

நெற்றியில் யாராவது கை வைத்தால் அவனுக்கு ஆகாது. முடி வெட்டும் நாளில் வீட்டில் நாலு பேர் வேண்டும். உறுதிப்பூசுதலில் பூசுகிற கிறிஸ்மா எண்ணெயோ ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்தது. பிசுபிசுப்பும் இருக்கும், வாசனையும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர், தலையில் உயரமான தொப்பியும் கையில் செங்கோலுமாக வந்து, அந்த எண்ணெயை அவன் நெற்றியில் பூசப் போகிறார். அவன் கோணத்தில் இருந்து பார்த்தால் எவ்வளவு பெரிய விஷயம்! அதனால் அவன் அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு படப்புத்தகம் செய்தோம். ஆயரின் படம், செங்கோலின் படம், நம் ஆலயத்தின் நடுப்பாதை, பீடத்துக்கு முன்னால் அவன் நிற்க வேண்டிய இடம், அவனுக்குப் பின்னால் நான். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. இரவு ஜெபமாலை முடிந்ததும் அதைப் புரட்டுவோம். அப்புறம் ஒத்திகை. என் வலது கை அவன் தோளில். அவன் அப்பாதான் ஆயர். தேங்காய் எண்ணெயில் பெருவிரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை.

ஆரம்பத்தில் விரல் கிட்டே வரும்போதே ஓடிவிடுவான். பிறகு நின்றான், ஆனால் உடனே சட்டையைத் தூக்கித் துடைத்துவிடுவான். சட்டையெல்லாம் எண்ணெய். பிறகு ஒரு சொட்டு நல்லெண்ணெய், வாசனைக்குப் பழக வேண்டுமே என்று. இப்போது கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை அவனே நீட்டுகிறான். சிலுவை போட்டு முடித்ததும் "ஆமென்" என்று சொல்கிறான். கொஞ்சம் உரக்கத்தான் சொல்கிறான், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு நாள் என்னவென்று வந்து கேட்டார். "சமாதானம்" என்று அப்பா சொன்னால் கைகூப்புகிறான். தனக்குப் பிரியமான எல்லாவற்றையும்விட வலுவான ஒரு கூச்சத்தை, இந்த அருட்சாதனத்துக்காக ஒரு பிள்ளை வென்றிருக்கிறான். கீழ்ப் பட்டியலில் பெயரைப் போடும்போது இது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1309, உறுதிப்பூசுதலுக்கான தயாரிப்பு எதை நோக்கியது என்று சொல்கிறது: கிறிஸ்துவோடு நெருங்கிய உறவு, தூய ஆவியோடு பழக்கம், திருச்சபைக்கும் தன் பங்குச் சமூகத்துக்கும் சொந்தமானவன் என்கிற உணர்வு. அந்தத் தயாரிப்பில் பங்குச் சமூகத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்றும் அதே எண் சொல்கிறது. பொறுப்பு பங்குக்கு என்றால், நேர்காணலில் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் யார் என்பது எனக்குள் ஓடுகிற ஒரு சின்னச் சந்தேகம்.

சொந்தமானவன் என்கிற உணர்வு அவனுக்கு உண்டா? ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அரை மணி முன்பே வந்துவிடுவான். பாட்டுப் புத்தகங்களை இருக்கைகளில் வைப்பது அவன்தான். அட்டையில் உள்ள சிலுவை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப முதல் வரிசையிலிருந்து தொடங்குவான். சமாதானம் சொல்லும்போது ஒருவரையும் விடமாட்டான். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் ஒன்று எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும். ஏதோ ஒரு கல்யாண விஷயம், இப்போது அது வேண்டாம். நாங்கள் பெரியவர்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பி நிற்போம். அவன் நேராகப் போய் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கைகூப்பிவிட்டு வருவான். எங்களில் யார் உறுதிப்பூசுதல் பெற்றவர், யார் பெறாதவர் என்று வெளியிலிருந்து பார்க்கிற ஒருவரால் சொல்ல முடியாது.

குழுவில் ஒருவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "அவன் சம்மனசு மாதிரி, வானதூதர் மாதிரிப் பிள்ளை. பாவமே அறியாதவன். அவனுக்கு உறுதிப்பூசுதல் இல்லாவிட்டால்தான் என்ன?" நல்ல மனதோடு சொன்னார், அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த நேர்காணலைவிட அந்த வார்த்தைதான் ஆபத்து என்பேன். அவன் சம்மனசு இல்லை. தங்கச்சியின் மைலோவைக் குடித்துவிட்டு வெறும் கிளாஸைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிடுகிறவன். பிடிபட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், பிறகு தானாக வந்து அவள் தலையைத் தடவுகிறவன். கோபம் வந்தால் கிள்ளுவான். பயம் வந்தால் பல்லைக் கடிப்பான். அவனும் வளர்கிறான், நாளைக்கு எங்களுக்குப் பிறகும் இந்த உலகத்தில் வாழ வேண்டும். திடம் என்கிற கொடை யாருக்குத் தேவை, சொல்லுங்கள். சம்மனசு என்று சொல்லி ஒரு பிள்ளையை மேலே தூக்கி வைத்தால், அதன் பிறகு அவனுக்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த வசதி எங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு கவலையும் காதில் விழுந்தது. ஆயர் வருகிற நாளில் சத்தம் போட்டுவிட்டால்? சூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். அத்தனை கூட்டத்திலும் காதில் ஒலி தடுப்பானை மாட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தியோடு, எங்கள் கையை விடாமல் நடக்கிறான். சத்தம் போட மாட்டான் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. போட்டால்தான் என்ன? திருமுழுக்குக்கு வருகிற கைக்குழந்தைகள் எல்லாம் கத்தாமலா இருக்கின்றன?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றீர்கள், ஃபாதர். அப்படியானால் எந்த விதி என்று பார்த்துவிடுவோம்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் எண் 889, பிரிவு 2: உயிருக்கு ஆபத்து இல்லாத வேளையில், உறுதிப்பூசுதல் பெறுபவர் பகுத்தறிவைப் பயன்படுத்தும் நிலையில் உள்ளவர் என்றால், அவர் தகுந்த முறையில் பயிற்றுவிக்கப்பட்டு, சரியான மனநிலையோடு, தம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அந்த 'என்றால்' என்பதைக் கவனியுங்கள். அவனுக்குப் பகுத்தறிவு இல்லை என்று குழு கருதினால், பயிற்சி பற்றிய நிபந்தனையே அவனுக்குப் பொருந்தாது. இருக்கிறது என்று கருதினால் தகுந்த பயிற்சி போதும், அது அவனுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் கீழ்ப் பட்டியலுக்கு வழி இல்லை. ஏழு கொடைகளை ஒப்பிக்க வேண்டும் என்று எந்த எண்ணிலும் காணோம்.

எண் 777, உடலாலும் மனதாலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அவர்கள் நிலை அனுமதிக்கும் அளவுக்கு மறைக்கல்வி கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமையைப் பங்குத்தந்தையின் மேல் வைக்கிறது. எண் 843, தக்க நேரத்தில், முறையான மனநிலையோடு கேட்பவருக்கு, சட்டத்தால் தடை செய்யப்படாதவருக்கு, அருட்சாதனங்களை மறுக்க முடியாது என்கிறது. வத்திக்கான் 2020-இல் வெளியிட்ட மறைக்கல்விக் கையேடு, மாற்றுத்திறனாளிகளுக்கு யாரும் அருட்சாதனங்களை மறுக்க முடியாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, திருத்தந்தை பிரான்சிஸ் தம் செய்தியில் மற்ற எல்லாரையும் போல் அருட்சாதனங்களைப் பெற அவர்களுக்கு உள்ள உரிமையை வலியுறுத்தினார். 2016-இல் இதே விஷயம் பற்றிய ஒரு கூட்டத்தில், எல்லாரையும் ஏற்காத குருவுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்ற கேள்வி வந்தபோது அவர் சொன்னதன் சாரம்: அப்படியானால் கோவில் கதவைச் சாத்திவிடுங்கள், வந்தால் எல்லாரும், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம்.

கிழக்கத்தியத் திருச்சபைகளைப் பாருங்கள். கேரளத்துச் சீரோ மலபார் சபை உட்பட, அங்கே குழந்தைக்குத் திருமுழுக்கோடு சேர்த்தே உறுதிப்பூசுதலும் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் அவர்களும் ஒரே திருத்தந்தையின் கீழ்தான். தொட்டில் பிள்ளைக்குக் கொடுத்தால் செல்லுகிற அதே அருட்சாதனம், பதினாறு வயதுப் பையன் விசிறியைப் பார்த்தான் என்பதற்காகத் தள்ளிப்போகிறது.

தியான முகாம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் முகாமுக்கு வராதது அவன் மேல் உள்ள இன்னொரு குறை. பெரியவர் ஒருவர் கூடவே தங்க அனுமதி கேட்டோம், பெற்றோருக்கும் உறவினருக்கும் அனுமதி இல்லை என்றீர்கள். வாசலை அடைத்துவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது எப்படி நியாயம்?

கீழ்ப் பட்டியலில் இருந்த மற்றப் பிள்ளைகளையும் விசாரித்தேன். ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம். இன்னொருவன் சனி, ஞாயிறு காலையில் அப்பாவோடு அங்காடிக் கடையில் ரொட்டி போடுகிறான், வருகை போதவில்லை. மேல் பட்டியலில் இருக்கிற பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் யார் மேலே, யார் கீழே என்பதை ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், ஃபாதர். நம் பங்கில் வசதி உள்ள வீடு எது, இல்லாத வீடு எது என்று தனியாகக் கணக்கெடுக்க வேண்டியதே இல்லை.

நாங்கள் கேட்பது இவை.

அவன் பெயரை இந்த ஆண்டே, ஆயர் வருகிற பூசைக்கான பட்டியலில் சேருங்கள். மறு நேர்காணல் வேண்டாம். அவனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவன் ஆசிரியையைக் கேளுங்கள், பெற்றோரைக் கேளுங்கள், என்னைக் கேளுங்கள். அல்லது ஒரு நாள் இரவு ஜெபமாலை நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் கையாலேயே அவன் நெற்றியில் சிலுவை போட்டுப் பாருங்கள்.

தகுதி, தகுதியின்மை என்று பிரிக்கும் நேர்காணலை எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறுத்துங்கள். பங்குத்தந்தை ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேசுவது நல்ல வழக்கம். அது பேச்சாக இருக்கட்டும், மதிப்பெண் போடுவதாக வேண்டாம். கீழ்ப் பட்டியலில் உள்ள மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் குழு நேரில் போக வேண்டும். ரொட்டிக்கடைப் பையனுக்கு ஞாயிறு காலை தோது இல்லை என்றால், இரவில் அன்பியக் கூட்டத்தோடு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடும் ஜெபக் கூட்டத்தோடு, சேர்த்து வகுப்பு வைக்கலாம். சொல்லிக்கொடுக்க நானே வருகிறேன்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுடன் வகுப்பிலும் தியானத்திலும் ஒரு பெரியவர் கூட இருக்கலாம் என்று எழுத்தில் விதி செய்யுங்கள். உறுதிப்பூசுதல் நாளுக்கு முன்பாக ஒரு மாலை, ஆலயத்தில் யாரும் இல்லாத நேரத்தில், அவன் நிற்கப்போகிற இடத்தில் நின்று பழக அனுமதியுங்கள். அன்றைக்கு அவனை வரிசையின் தொடக்கத்தில் நிறுத்துங்கள், நீண்ட நேரம் காத்திருப்பது அவனுக்குக் கஷ்டம். அவன் முறை வரும்போது ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறையுங்கள். ஆயருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மெதுவாகத் தொட்டால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிற அந்தப் பட்டியலை இன்றே நீக்குங்கள்.

உங்கள் பதிலை எழுத்தில், பங்கின் முத்திரையோடு, அவன் பெற்றோரின் கையில் இரண்டு வாரத்துக்குள் கொடுங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றால், எந்தச் சட்ட எண்ணின்படி முடியாது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். முறையாகக் கேட்பவர்களுக்கு உறுதிப்பூசுதல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எண் 885-இன்படி ஆயரின் கடமை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் அவரைப் பார்க்கப் போவோம், அவனையும் கூட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
அவனுடைய ஞானத்தாய்
பினாங்கு